இடது பக்கம் வளர்ந்த வரைபடம்

எங்கள் விடுதியில் இரவு ஒன்பது மணிக்கு மேல் இணையம் இருக்கும், ஆனால் இருக்காது. ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய்க் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாலும் பாதிதான் வந்திருக்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு, மாடிக்கு மாடி கையெழுத்து வாங்கி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அங்கே இருந்தவர் கோபப்படவில்லை. கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். போன ஒரு வருடத்துக்கான கிராஃப், பச்சை நிறத்தில், வாய்க்கால் தண்ணீர் மாதிரி அடியோடு அடியாக ஓடிக்கொண்டிருந்தது. "பாருங்கப்பா, முப்பது பர்சென்ட் கூட தாண்டல. லைன்ல இன்னும் எழுபது சும்மா கிடக்கு. உங்க லேப்டாப்ல ஏதாவது வைரஸ் இருக்கும்."

படம் பொய் சொல்லாது என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்தோம். அதன் பிறகுதான் அந்தப் பச்சைக் கோடு எங்கிருந்து வந்தது என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டியதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. கணினிக்காரர்களுக்கு மட்டும் என்று நினைத்து ஓடிவிட வேண்டாம், நீராவி எஞ்சினில்தான் தொடங்கப் போகிறேன் :-)

இயந்திரம் தன்னைப் பற்றித் தானே படம் வரைவது கணினியோடு வந்த பழக்கம் அல்ல. நீராவி எஞ்சினின் உருளைக்குள் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்க ஜேம்ஸ் வாட் ஒரு அளவுமானி வைத்திருந்தார். அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன் 1796இல் அதில் ஒரு பென்சிலையும், எஞ்சினோடு சேர்ந்து நகரும் ஒரு பலகையில் காகிதத்தையும் பொருத்தினார். எஞ்சின் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் பென்சில் ஒரு மூடிய வளைகோட்டை வரையும். அந்த வளைவுக்குள் அடங்கிய பரப்பைக் கணக்கிட்டால் எஞ்சின் செய்த வேலை எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாட்டின் நிறுவனம் இதைப் பல ஆண்டுகள் தொழில் ரகசியமாகவே வைத்திருந்தது.

இதே வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்துவிட்டுப் போனவர்தான் வில்லியம் பிளேஃபேர். 1786இல் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்குகளைக் கோட்டுப் படங்களாக வரைந்து புத்தகம் போட்டவர். நாம் பள்ளியில் வரைந்த கோட்டுப் படம், பட்டைப் படம் எல்லாம் அவர் வழியாக வந்தவை. இரண்டு பேரும் ஒரே பட்டறையில் இருந்தார்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த நீராவிக் கருவி பரவலானபோது, அதனுடன் ஒரு பெட்டியில் பலவித சுருள்வில்களையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அழுத்தம் குறைவான எஞ்சினுக்கு மெல்லிய வில், அதிகமான எஞ்சினுக்குத் தடித்த வில். வில்லை மாற்றினால் படத்தின் உயரம் மாறும். இன்றைக்கு நாம் "செங்குத்து அளவு" என்று ஒரு பெட்டியில் எண்ணை அடித்து மாற்றுவது அன்றைக்கு ஒரு வில்லைக் கழற்றி மாட்டும் வேலை. அதில் ஒரு நன்மையும் உண்டு. எந்த வில் மாட்டியிருக்கிறோம் என்பதைக் கையால் தொட்டுத் தெரிந்துகொண்டவன்தான் படத்தைப் படிப்பான்.

கணினிக்கு வருவோம். 1973 ஆகஸ்டில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் ஒரு குறிப்பு சுற்றுக்கு வந்தது, எண் 546. டெனெக்ஸ் இயங்குதளம் ஓடிய கணினிகளில் ஜூலை மாதத்தில் சராசரி வேலைப்பளு எப்படி இருந்தது என்பதுதான் விஷயம். அதில் ஒரு கிராஃப் இருக்கிறது, கையால் வரைந்தது! எண்களைக் கணினி எடுத்துக் கொடுக்க, கோட்டை மனிதர் போட்டிருக்கிறார். "லோட் ஆவரேஜ்" என்று லினக்ஸ்காரர்கள் இன்றும் பார்க்கும் எண்ணின் பழைய முகம் அது. பெயரிலேயே "சராசரி" இருப்பதைக் கவனியுங்கள். இந்தக் கதை முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1984இல் வில்லியம் லெஃபெவர் எழுதிய "டாப்" நிரல் கருப்புத் திரையில் எண்களை வரிசைப்படுத்திக் காட்டியது. அதில் படம் கிடையாது. யூனிக்ஸில் எக்ஸ் விண்டோ வந்த பிறகு "எக்ஸ்லோட்" என்று ஒரு சின்ன நிரல் வந்தது. திரை ஓரத்தில் ஒரு குட்டிச் சன்னல், அதில் கணினியின் வேலைப்பளு மலை மலையாக ஏறி இறங்கும். என் பார்வையில், விருப்பத்தேர்வுகள் என்ற சமாச்சாரம் ருசிக்க ஆரம்பிப்பது இங்கேதான். எத்தனை வினாடிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும் (சொல்லாவிட்டால் 10), குறுக்குக் கோடுகள் என்ன நிறம், குறைந்தது எத்தனை கோடுகள், படம் வலது ஓரத்தைத் தொட்டதும் பாதியளவு குதித்து நகர வேண்டுமா அல்லது புள்ளி புள்ளியாக வழுக்கி நகர வேண்டுமா... எல்லாவற்றையும் கட்டளை வரியில் சொல்லலாம். இதில் ஒரு விசித்திரமான தேர்வும் உண்டு. அதைப் போட்டால் திரையில் படமே வராது. பதிலாக விசைப்பலகையில் இருக்கும் சின்ன விளக்குகள் எரியும். பளு 1 என்றால் ஒரு விளக்கு, 2 என்றால் இரண்டு. யார் எதற்காக எழுதினார்களோ, அவர்களுக்கு ஒரு கும்பிடு.

விண்டோஸ் பக்கம் 1993இல் என்.டி. வந்தபோது கூடவே "பெர்ஃபார்மன்ஸ் மானிட்டர்" வந்தது. இன்றும் விண்டோஸில் "பெர்ஃப்மான்" என்று அடித்தால் அதன் பேரப்பிள்ளை வந்து நிற்கும். இதில் ஒவ்வொரு கோட்டுக்கும் நிறம், தடிமன், புள்ளிக்கோடா முழுக்கோடா என்று தேர்ந்தெடுக்கலாம். பத்துக் கோடுகள் பின்னிக் கிடக்கும்போது ஒன்றை மட்டும் தடித்துக் காட்ட, புதிய பதிப்புகளில் கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்தினால் போதும். ஆனால் கவனிக்க வேண்டியது "ஸ்கேல்" என்ற தேர்வு. செங்குத்து அச்சு 0 முதல் 100 வரைதான். செயலி பயன்பாடு சதவீதம், அதனால் அது சரியாகப் பொருந்தும். காலி நினைவகம் பைட்டில் கோடிக்கணக்கில் வரும், அது எப்படிப் பொருந்தும்? அதனால் ஒவ்வொரு கோட்டையும் ஒரு எண்ணால் பெருக்கி உள்ளே அடைக்கிறார்கள். ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 0.0000001. விளைவு என்ன? நினைவகக் கோடும் செயலிக் கோடும் ஒரு இடத்தில் வெட்டிக்கொள்வதாகத் தெரியும். அந்த வெட்டுப்புள்ளிக்கு அர்த்தமே கிடையாது. இரண்டும் வேறு வேறு வில்லில் வரைந்த படங்கள். பெருக்கலை ஒரு பத்து மடங்கு மாற்றினால் வெட்டுப்புள்ளி காணாமல் போய்விடும்.

டாஸ்க் மேனேஜர் பற்றி நிறைய எழுத ஆசைதான், ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த முகம். டேவ் ப்ளம்மர் எழுதியது, 1996இல் என்.டி. 4.0உடன் வந்தது, கருப்புத் தரையில் பச்சைக் கோடு. "வியூ" பட்டியலுக்குள் "கெர்னல் டைம்ஸ்" என்று ஒன்று ஒளிந்திருந்ததை எத்தனை பேர் தொட்டீர்கள்? தொட்டால் ஒரு சிவப்புக் கோடு கூடுதலாக வரும். இயங்குதளம் தனக்காகவே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்று அது காட்டும். 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது எல்லாம் வெளிர் நிறத்துக்கு மாறியது. அதில் வலையமைப்புப் படத்தின் உச்சி எண் தானாகவே ஏறி இறங்கும். கொஞ்சம் ஓடினாலும் படம் கூரையைத் தொட்டுப் பேயாட்டம் போடும். பார்ப்பவருக்குத்தான் பீதி.

இப்போது அந்தப் பச்சைப் படத்துக்கு வருகிறேன்.

1994இல் டோபியாஸ் ஓட்டிகர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மொத்தப் பல்கலைக்கழகத்துக்கும் வெளியுலகத்தோடு இருந்த இணைப்பு 64 கிலோபிட். (ஒரு புகைப்படத்தை இறக்க நாங்கள் படும் பாட்டை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.) அந்த இணைப்பு எப்படி இருக்கிறது என்று எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்ததால், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரவுட்டரிடம் எண்ணைக் கேட்டு ஒரு படமாக்கி வலைப்பக்கத்தில் போடும் பெர்ல் நிரல் ஒன்றை எழுதினார். 1995இல் அதை எல்லோருக்கும் இலவசமாக விட்டார். அதன் பெயர் எம்.ஆர்.டி.ஜி. மெதுவாக ஓடிய பகுதியை டேவ் ராண்ட் என்பவர் சி மொழியில் எழுதிக் கொடுத்த பிறகு வேகம் பிடித்தது. உள்ளே வரும் போக்குவரத்து பச்சைப் பரப்பு, வெளியே போவது நீலக் கோடு. உலகம் முழுவதும் வலையமைப்பு அறைகளில் அந்த இரண்டு நிறமும் பரவின.

ஒவ்வொரு இணைப்புக்கும் நாலு படம். நாள் படத்தில் ஒரு புள்ளி ஐந்து நிமிடச் சராசரி. வாரப் படத்தில் முப்பது நிமிடச் சராசரி, மாதப் படத்தில் இரண்டு மணி நேரச் சராசரி, வருடப் படத்தில் ஒரு நாள் சராசரி.

இதன் அமைப்புக் கோப்பு ஒரு தனி உலகம். முதலில் என்னைத் திடுக்கிட வைத்தது ஒன்று: நாம் எதுவும் சொல்லாவிட்டால் எம்.ஆர்.டி.ஜி. படம் இடது பக்கம் வளரும். அதாவது "இப்போது" இடது ஓரத்தில், நேற்று வலது பக்கத்தில். நாம் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியவர்கள். போக்குவரத்து ஏறிக்கொண்டிருந்தால் நம் கண்ணுக்கு இறங்குவதாகத் தெரியும். "க்ரோரைட்" என்று ஒரு சொல்லைச் சேர்த்தால்தான் படம் நேராகத் திரும்பும். அடுத்தது "பிட்ஸ்". இதைச் சேர்க்காவிட்டால் கணக்கு பைட்டில் வரும். லைன் விற்பவர்கள் பிட்டில் விற்கிறார்கள், படம் பைட்டில் காட்டுகிறது. நிரம்பி வழியும் லைன்கூட அச்சில் இருக்கும் எண்ணை மட்டும் படித்தால் எட்டில் ஒரு பங்குதான் ஓடுவது போல இருக்கும். அப்புறம் "அன்ஸ்கேல்டு". சாதாரணமாகப் படம் தன் உயரத்தைத் தானே தீர்மானித்துக்கொள்ளும், சின்ன மேட்டையும் மலையாகக் காட்டும். இந்தச் சொல்லைப் போட்டால் லைனின் முழுக் கொள்ளளவுதான் கூரை.

ரவுட்டர் பதில் சொல்லாத நேரத்தில் என்ன வரைவது என்பது இன்னொரு கேள்வி. பதில் வராவிட்டால் கடைசியாகப் பார்த்த எண்ணையே எம்.ஆர்.டி.ஜி. திரும்பத் திரும்பப் போடும். வேண்டுமானால் பூச்சியமாகப் போடச் சொல்லலாம், ஆனால் ஜாக்கிரதை, பூச்சியத்தில் கிடக்கும் கோட்டைவிட ஆணியடித்தது போல் நேராக ஓடும் கோடுதான் பல சமயம் கண்ணில் படும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். இருபது வருடம் கழித்து கிராஃபனாவிலும் இதே கேள்வி வந்தது. 2014இல் டோர்கெல் ஓடகார்ட், கிபானா 3 என்ற மென்பொருளை எடுத்துத் திருத்தி வெளியிட்டதுதான் கிராஃபனா. அதில் தரவு இல்லாத இடத்தை இடைவெளியாக விடலாம், பூச்சியமாக்கலாம், அல்லது இரண்டு முனைகளையும் ஒரு கோடு போட்டு இணைத்துவிடலாம். சர்வர் பத்து நிமிடம் செத்துக் கிடந்தது என்று வையுங்கள். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தவர் அழகான ஒரு சரிவுக் கோட்டைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார்.

1999இல் ஓட்டிகர் ஆர்.ஆர்.டி.டூல் என்ற அடுத்த கருவியை வெளியிட்டார். 2001இல் ஐயன் பெர்ரி தொடங்கிய காக்டை அதன் மேல் கட்டப்பட்டது. இந்தக் கருவி வரைந்த படங்களின் வலது ஓரத்தில் செங்குத்தாக, பொடி எழுத்தில் ஓட்டிகரின் பெயர் இருக்கும். இதன் தரவுக் கோப்பு ஒருபோதும் பெருக்காது. தொடங்கும்போது என்ன அளவோ எப்போதும் அதே அளவு. வட்டமாகச் சுற்றி வந்து பழையதன் மேல் புதியதை எழுதிக்கொள்ளும். அழியப் போகும் பழைய விவரத்தைச் சுருக்கி வேறொரு வட்டத்தில் வைத்துக்கொள்ளும். எப்படிச் சுருக்குவது? சராசரியா, குறைந்ததா, அதிகபட்சமா, கடைசியா? இதை நிறுவுகிறவர் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். சராசரி மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டால், அதன் பிறகு எந்த நிறத்தை மாற்றினாலும் எந்த அச்சை நீட்டினாலும் உச்சம் திரும்பி வராது. ஒரு நாளில் 288 ஐந்து நிமிடங்கள். அதில் ஒன்றே ஒன்றில் 100 என்று எகிறி மற்ற நேரம் சும்மா இருந்தால் அந்த நாளின் சராசரி 0.35. படத்தில் ஒரு புள்ளிகூடத் தேறாது.

இதில் பணமும் இருக்கிறது. பெரிய இணைப்புகளுக்குப் பல இடங்களில் "95ஆம் சதமானம்" என்ற முறையில் பில் போடுவார்கள். மாதத்தின் ஐந்து நிமிட அளவீடுகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள ஐந்து சதவீதத்தைத் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் காசு. முப்பது நாளில் 8640 அளவீடுகள், அதில் 432 தள்ளுபடி. அதாவது மாதம் 36 மணி நேரம் எவ்வளவு ஆடினாலும் கேள்வி இல்லை. முப்பத்தேழாவது மணி நேரத்திலிருந்துதான் வலி.

படத்தின் வடிவம் ஊர் வாயில் விழுந்ததும் உண்டு. 2010 டிசம்பரில், அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனத்துக்கும் லெவல் 3 நிறுவனத்துக்கும் இணைப்புக் கட்டணத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரம். பின்வாசல் சாண்டா என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர், காம்காஸ்டுக்கும் டாட்டாவுக்கும் இடையிலான இணைப்புகளின் கிராஃப்கள் என்று சொல்லி வலையமைப்புப் பொறியாளர்களின் நானாக் மடல்குழுவில் சிலவற்றைப் போட்டார். அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆரோக்கியமான இணைப்பின் கிராஃப் மலைச்சிகரம் போல ஏறி இறங்கும். நிரம்பிப் போனதன் தலை, கத்தியால் சீவின மாதிரி தட்டையாக இருக்கும். சீவப்பட்ட அந்தத் தட்டைப் பகுதிக்கு மேலே எவ்வளவு பேர் காத்துக்கிடந்தார்கள் என்பது படத்தில் வராது.

சராசரிக் கோட்டையே தூக்கிப் போட்டவர்களும் இருந்தார்கள். 2008இன் கடைசி நாள் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் ஒரு சர்வர் அறையில் வட்டுகளின் முன் நின்று தொண்டை கிழியக் கத்தினார். விளையாட்டில்லை, வீடியோ இணையத்தில் இருக்கிறது. கத்திய சத்தத்தின் அதிர்வில் வட்டுகள் தடுமாறி, சில வேண்டுகோள்களுக்குத் தாமதம் எகிறியது. அதைக் காட்டிய படம் கோடு அல்ல, வெப்பப் படம். ஒவ்வொரு வினாடியிலும் எத்தனை வேண்டுகோள்கள் எவ்வளவு தாமதமாயின என்பதை நிறத்தின் அடர்த்தியால் காட்டுவது. கோட்டுப் படத்தில் ஒரு வினாடிக்கு ஒரு புள்ளிதான். பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு நேர்ந்த கஷ்டம் அந்தப் புள்ளிக்குள் கரைந்துவிடும். வெப்பப் படத்தில் அந்தப் பத்துப் பேரும் மேலே தனியாக, மங்கலாகவாவது தெரிவார்கள்.

விடுதி விஷயத்தை முடித்துவிடுகிறேன். அலுவலகத்தில் பார்த்தது எம்.ஆர்.டி.ஜி.யின் வருடப் படம், ஒரு புள்ளிக்கு ஒரு நாள். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மூன்று மணி நேரம் லைன் 100 சதவீதம் நிரம்பியிருக்கிறது, மீதி 21 மணி நேரம் வெறும் 20 என்று வைத்துக்கொண்டால், 300உம் 420உம் சேர்ந்து 720. இருபத்துநாலால் வகுத்தால் சரியாக 30. அந்தச் சார் காட்டிய அதே முப்பது! அவர் பொய் சொல்லவில்லை. நாங்கள் சொன்னதும் பொய்யில்லை. 95ஆம் சதமானத்தில் பார்த்திருந்தால் மாதம் 90 மணி நேரம் நிரம்பிய எங்கள் லைன், 36 மணி நேரத் தள்ளுபடி போகவும் முழுசாக நிரம்பியதாகத்தான் வந்திருக்கும்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்தில் வலையமைப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு அமைப்புக் கோப்பைத் திறந்தார். "வித்பீக்" என்று ஒரு வரி. வாரம், மாதம், வருடப் படங்களில் சராசரியோடு ஐந்து நிமிட உச்சத்தையும் சேர்த்து வரையச் சொல்வது. அதைச் சேர்த்துவிட்டு, "இனிமேல் வர்றதுதானே அண்ணா தெரியும், போன வருஷம் போனதுதானே?" என்று கேட்டேன். "இல்லடா, உச்சத்தையும் அது எப்பவுமே பதிவு பண்ணிட்டுத்தான் இருக்கும். நாமதான் காட்டச் சொல்லலை" என்றார்.

வருடப் படம் அடுத்து புதுப்பிக்கப்பட்டதும் பழைய பச்சை வாய்க்கால் அப்படியே கீழே இருந்தது. அதற்கு மேலே, கூரையை ஒட்டி, கரும்பச்சை. ஜூலையிலிருந்து ஆரம்பித்து, தீபாவளி விடுமுறைக்கும் பொங்கல் விடுமுறைக்கும் மட்டும் பொத்தென்று கீழே விழுந்து, மறுபடி போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பிரதி அச்செடுத்தோம். ஒன்று மனுவோடு போயிருக்கிறது, இன்னொன்று எங்கள் அறைக் கதவில் ஒட்டியிருக்கிறது.